ஆள் இறங்கியாச்சா?

ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்துபோகும் காரியத்தை, தெருவே எழுந்து நிற்க வேண்டிய காரியமாக மாற்றக்கூடிய மனிதர் இந்த நாட்டில் ஒருவர்தான் இருந்தார். அவர் நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்தார். மற்ற ஊர்களிலும் அப்படி யாராவது இருக்கலாமே என்று கேட்பீர்கள். இல்லை. திருப்பூரில் பனியன் மடித்திருக்கிறேன், குடகில் மிளகு பறித்திருக்கிறேன், குஜராத் உப்பளத்தில் நின்று பாதத்தில் தோல் உரிந்திருக்கிறது. போன இடமெல்லாம் முட்டாள்களைப் பார்த்தாயிற்று. இவ்வளவு சிரத்தையான முட்டாளை நெய்வேலியில்தான் பார்த்தேன்.

அவரை ஊரில் உத்தரவு என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதாவது இருந்திருக்கும்; அதைத் தெரிந்தவர்கள் யாரையும் நான் சந்திக்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் அவர் தலை தெரிந்ததும், "உத்தரவு வந்துகினு இருக்காரு, அதுக்கு முன்னாடி வாங்கிகினு ஓடிடுங்க" என்று குரல் எழும். காரணம், அவர் முறை வந்தால் கடை நின்றுவிடும்.

"எத்தினி கிலோ போடப் போறீங்க? சொல்லுங்க."

"பத்து கிலோ."

"பத்து கிலோ அரிசி, என் பையில. சரிங்களா?"

"அதான் சொன்னனே."

"சரியான்னு கேட்டேன். சரின்னு சொன்னாத்தான் நான் பையப் புடிப்பேன்."

கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு 'சரி' என்பார். பிறகுதான் பையின் வாய் திறக்கும்.

இந்த வியாதி சுரங்கத்தில் பிடித்தது. "சர்வீஸ் பூரா பெல்ட்டுக்கு உத்தரவு போட்டவன் நான்" என்று சொல்லிக்கொள்வார். விசாரித்ததில் உண்மை வேறாக இருந்தது. சுரங்கத்தில் மண்ணையும் நிலக்கரியையும் சுமந்து ஓடும் ரப்பர் பெல்ட் ஒன்றொன்றும் கண்ணுக்கெட்டாத நீளம். அதை ஓட்டுவதற்கு முன் கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும். கேட்டவர் அந்த உத்தரவை அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னவர் சரி என்ற பிறகு சைரன் ஊதும். பெல்ட்டின் மேல் யாராவது ஏறி நின்றால் இறங்கிவிட வேண்டும். 'ஆள் இறங்கியாச்சு' என்று பதில் போன பிறகுதான் பெல்ட் ஓடும். இந்த வரிசையில் நம்முடையவரின் வேலை, போனை எடுத்துத் திரும்பச் சொல்வது. அது மட்டும்தான். அடுத்தவர் சொன்னதை ஒப்பிப்பதற்குச் சம்பளமும் குவார்ட்டர்ஸும் பென்ஷனும் தருவார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் நானும் எட்டாம் வகுப்பைத் தாண்டிப் படித்திருப்பேன்.

அவரிடம் நான் மாட்டிக்கொண்டது ராணி மேடத்தின் கம்ப்யூட்டர் சென்டரில். கடலூர் போகிற பஸ் நெய்வேலியில் பழுதாகி நின்றது. கையில் அடுத்த பஸ்ஸுக்குக் காசில்லை. இறங்கி நடந்தபோது ஒரு கடை வாசலில் 'ஆள் தேவை' என்று எழுதியிருந்தது. என்ன ஆள் என்று எழுதவில்லை; எனக்கும் அது போதுமாக இருந்தது. கூட்டுவது, துடைப்பது, கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடுவது, ராத்திரி காவல். படுக்கை பின்னறையில், பெரிய கம்ப்யூட்டர் மெஷினுக்குப் பின்னால். அந்த அறையில் ஏசி ஓயாமல் ஓடும். சித்திரை வெயிலில் டவுன்ஷிப்பே வெந்துகொண்டிருக்க, நான் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்குவேன். ஆறு மாநிலத்தில் படுத்தவன் சொல்கிறேன், அது நல்ல படுக்கைதான்.

ராணி மேடம் திருநெல்வேலிக்காரர். கணவர் சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கொஞ்ச நாளில் இறந்தும் போய்விட்டார். ஊருக்குத் திரும்பினால் மைத்துனர்கள் வீட்டில் ஓர் அறை கிடைக்கும். "அங்க போயி அவங்களுக்குக் காப்பி ஆத்திக் குடுக்கதுக்கு, இங்கயே கடை வச்சி நொடிச்சிப் போறேன்" என்று சென்டரைத் திறந்தவர். அது மெதுவாக நொடித்துக்கொண்டும் இருந்தது.

முன் ஹாலில் வரிசையாகத் திரைகள் இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி. உண்மையான கம்ப்யூட்டர் பின்னறையில் இருக்கும் ஒன்றே ஒன்றுதான். ஒரு குவார்ட்டர்ஸை வாங்கிக்கொண்டு, உள்ளே தடுப்புத் தடுப்பாகப் போட்டு, ஆளுக்கொரு குடித்தனமாக வாடகைக்கு விடுவதில்லையா, அதே வேலையை அந்த மெஷின் தனக்குள்ளே செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடுப்பும் தன்னை ஒரு தனிக் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொள்ளும். மெய்நிகர் கணினி என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். இவற்றை எழுப்பவும் நிறுத்தவும் ஒரு பக்கம் இருந்தது. பச்சைப் பொத்தானைத் தொட்டால் எழுந்திருக்கும், சிவப்பைத் தொட்டால் படுத்துவிடும். நானே செய்வேன். எட்டாவது படித்தவன் செய்ய முடிகிற ஒரு வேலையை உலகத்தில் விட்டுவைத்திருந்தார்கள்.

அது உத்தரவின் கண்ணில் பட்டது.

ஓய்வு பெற்ற பிறகு மகளின் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, வீடியோ பார்த்துப் பார்த்து அவர் கம்ப்யூட்டர் கற்றிருந்தார். முழுதாகக் கற்றிருந்தால் தொந்தரவில்லை, கற்காமலே இருந்திருந்தாலும் தொந்தரவில்லை. சம்பளம் வேண்டாம், சும்மா வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று மேடத்திடம் சொன்னார். சும்மா வருகிற எதையும் மேடம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. வந்த அன்றே பொத்தான் பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னா தம்பி இது. தொட்டா நின்னுடுது. யாரு சொன்னா? ஏன் நிறுத்துன? எதுவும் கேக்க மாட்டுது."

"நிறுத்தணும்னுதான சார் தொடுறேன்."

"பூனை தொட்டாலும் நிக்கும். உனக்கும் பூனைக்கும் இன்னா வித்தியாசம்?"

பூனைக்கு மாதச் சம்பளம் இல்லை என்று சொல்ல நினைத்தேன். எனக்கும் அந்த மாதம் வந்திருக்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

பொத்தான்களை ஒழித்துவிட்டு, எழுத்தில் உத்தரவு கொடுத்தால் மட்டும் வேலை செய்கிற முறை ஒன்றை அவரே எழுதப் போவதாக அறிவித்தார். எந்தச் சொல்லுக்கு மெஷின் என்ன செய்ய வேண்டும், என்ன பதில் சொல்ல வேண்டும், எப்போது மறுக்க வேண்டும் என்பதையெல்லாம் வரையறுக்க வேண்டுமாம். அதற்கு ஒரு பலகை வேண்டுமென்று, ஓடித் தேய்ந்த பெல்ட் துண்டு ஒன்றைப் பழைய சாமான் கடையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து சுவரில் அறைந்தார். கறுப்பு ரப்பர் மேல் சாக்பீஸால் எழுதுவார், அழிப்பார். ஹால் முழுக்க ரப்பர் வாடை. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குத் தலை வலித்தது.

முதலில் மெஷின்களுக்குப் பெயர் வேண்டும். மரம், பூ என்று எத்தனையோ இருக்க, மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்த தன் மனைவி வழி உறவுகளின் பெயரை வைத்தார். பெரிய மச்சான், சின்ன மச்சான், மாமனார், சகலை. வாழ்நாளில் அவர் பேச்சைக் கேட்காத கூட்டம் அது. இங்கே அவர் எழுப்பினால் எழுந்து, படுக்கவைத்தால் படுத்தார்கள். அவருக்கு இதில் எத்தனை நிம்மதி கிடைத்தது என்பதை மாமனாரைப் படுக்கவைக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது சொற்கள். 'எழுப்பு', 'படுக்கவை' இரண்டும் ஒரே நாளில் முடிந்தன. பிறகு ஒரு சந்தேகம் வந்தது. ஏற்கெனவே எழுந்திருக்கிற மெஷினை எழுப்பு என்று சொன்னால் அது என்ன பதில் சொல்ல வேண்டும்? மனிதர் இதிலேயே ஒரு வாரம் படுத்துவிட்டார். கடைசியில் விஷயம் எதிர்த்த டீக்கடைக்குப் போனது.

"மாஸ்டர், முழிச்சிகினு இருக்கறவன எழுப்புனா இன்னா சொல்லுவான்?"

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டே, "யாரு எழுப்புறாங்கன்றதப் பொறுத்துது. நீங்க எழுப்புனா கெட்ட வார்த்தை சொல்லுவான்" என்றார்.

"மேலதிகாரி எழுப்புனா?"

"முழிச்சிகினுதான் இருக்கேங்கன்னு சொல்லுவான்."

உத்தரவு டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து பலகையில் எழுதினார். அன்றிலிருந்து விழித்திருக்கும் மெஷினை எழுப்பினால், 'முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்' என்று திரையில் வரும். இதற்காகப் படித்தவர்கள் வெளிநாட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசிப்பார்கள் என்றார். யோசிக்கட்டும், அவர்களுக்கு டீக்கடை இல்லை.

பெயர் சொல்லாமல் 'எழுப்பு' என்று மட்டும் சொன்னால் மெஷின் ஊகிக்கக் கூடாது, 'யாரை?' என்று கேட்க வேண்டும். இதை மெஷினுக்கு எழுதியவர் தானும் கடைப்பிடிக்க ஆரம்பித்தார். மேடம் ஹாலில் நின்று பொதுவாக, "யாராவது அந்த ஃபேனைப் போடுங்க" என்பார். சுவிட்ச் உத்தரவின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அசைய மாட்டார்.

"அண்ணாச்சி, உங்களைத்தான் சொல்லுதேன்."

"பேரு சொல்லலியேம்மா. பேரு இல்லாதது உத்தரவே இல்ல."

"வேர்க்குதுன்னு சொல்லுதேன், சட்டம் பேசுதீங்களே."

வரிசை இன்னொரு கூத்து. சுரங்கத்தில் மண் கொட்டுகிற கடைசி பெல்ட்தான் முதலில் ஓட வேண்டும். இல்லையென்றால் பின்னால் வருகிற மண் குவிந்துவிடும். அதனால் இங்கும், விடைத்தாள் போய்ச் சேருகிற மெஷின் முதலில், எழுதுகிற பிள்ளைகளின் மெஷின் கடைசியில். கல்யாணத்துக்குப் போனாலும் கை கழுவுகிற குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். பார்த்துவிட்டு வருவதற்குள் அந்தப் பந்தி முடிந்திருக்கும்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். அவர் முத்தாண்டிக்குப்பத்தில் ஒருவரிடம் கேட்டு வாங்கி வந்த சைரனைத்தான் பொறுக்க முடியவில்லை. எந்த மெஷினை எழுப்புவதானாலும் படுக்கவைப்பதானாலும் அது முதலில் ஊதும். ஆள் மெஷினில் எழுதிக்கொண்டிருந்தால், எழுதியதைச் சேமித்துவிட்டு வெளியே வர வேண்டும். வராவிட்டால் 'ஆள் இருக்கிறார்' என்று மெஷின் படுக்க மறுத்துவிடும்.

எனக்கே பொறுக்காமல் கேட்டேன். "சார், பெல்ட் மேல ஆள் இருந்தா அத நிறுத்தத்தான வேணும். நீங்க ஆள் இருந்தா நிறுத்த மாட்டேன்றீங்க. தலைகீழா இல்ல இருக்கு?"

என்னைப் பார்த்து, எட்டாவதுக்கு இவ்வளவு புத்தியா என்பது போலத் தலையாட்டினார். "அங்க ஓடுனா ஆளுக்கு ஆபத்து. இங்க நின்னா ஆளுக்கு ஆபத்து. எழுதிகினு இருந்ததெல்லாம் பூடும். சைரன் ஆளுக்குத்தான் தம்பி, பெல்ட்டுக்கு இல்ல."

முதல் முறை அது ஊதியபோது நடந்ததைச் சொல்கிறேன். டவுன்ஷிப்பில் பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அப்பாவோ மாமாவோ சுரங்கத்தில். சைரன் என்றால் ஒதுங்கு என்று தாய்ப்பாலோடு கற்றிருக்கிறார்கள். ஹாலில் இருந்த அத்தனை பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றார்கள். அடுத்த கடையில் முடிதிருத்துபவர் கத்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். பாதி முகம் சவரம் ஆனவர் நுரையோடு எழுந்து சுவரில் முதுகை ஒட்டினார். காய்கறி வாங்க வந்த பெண்மணி ஒருவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது நான் ஒருவன்தான், நான் வெளியூர்.

இந்தச் சைரன் என்னையும் விடவில்லை. காலையில் அவர் பின்னறைக்கு வந்து விளக்கைப் போட வேண்டும். போட்டால் போச்சு. வாசலிலேயே நின்று, உண்மைச் சைரன் இருக்கிற இடத்தில் வாயாலேயே 'ஊ...' என்று இழுப்பார். கொஞ்சம் காத்திருப்பார். "ஆள் எறங்கியாச்சா?" என்பார். நான் சாக்குக்குள்ளிருந்து முனகுவேன்.

"முனகல்னு ஒரு பதில் இல்ல தம்பி."

"எறங்கியாச்சு சார்."

அதன் பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார். இப்படி ஒரு பைத்தியத்தின் முகத்தில் விழிக்கும்படி ஆயிற்றே என்று தினமும் நொந்துகொள்வேன்.

இந்த நேரத்தில்தான் மேடத்துக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. ஆன்லைன் தேர்வுகள் நடத்தும் நிறுவனம் ஒன்று நெய்வேலியில் தேர்வு மையம் தேடுகிறது, ஓர் அதிகாரி வந்து சென்டரைப் பார்ப்பார், பிடித்தால் எல்லாத் தேர்வும் இங்கேயே. மேடம் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "இது அமைஞ்சா கடை நிக்கும். இல்லேன்னா பூட்டிட்டு ஊருக்குப் போயி காப்பி ஆத்த வேண்டியதுதான்." பிறகு உத்தரவைப் பார்த்தார். "அண்ணாச்சி, உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும், அன்னிக்கு மட்டும் அந்தப் பொத்தான் பக்கத்தைக் கொண்டாந்திருங்க."

"அதுக்கு இன்னாங்கம்மா அவசியம்? போன வாரமே அத எடுத்துட்டனே. இப்ப கமாண்டுதான். பாத்தா அவரே அசந்து பூடுவாரு."

மேடம் அழவில்லை. அழுதால் யாரை நினைத்து அழுவது என்று தெரியாமல் விட்டிருப்பார்.

அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை, பார்க்கும் எதையும் நம்பாத முகம். கூட்டம் காட்டுவதற்காகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எல்லாரையும் மேடம் வரவழைத்து உட்காரவைத்திருந்தார். அதிகாரி ஹாலை அளந்தார், ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பார்த்தார், எல்லாம் சரி. பிறகு காலியாக இருந்த திரை ஒன்றின் முன் உட்கார்ந்து, தன் பெயரைப் போட்டு உள்ளே நுழைந்து, வேகம் பார்த்தார். அது பெரிய மச்சான். அப்படியே உட்கார்ந்தபடி, "எல்லாத்தையும் ஷட்டவுன் பண்ணி மறுபடி ஆன் பண்ணிக் காட்டுங்க" என்றார்.

உத்தரவு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு தன் மேஜைக்குப் போனார். தட்டினார். மெஷின் கேட்டது: யாரை? எல்லாரையும். ஏன்? அதிகாரி பார்ப்பதற்கு. சொன்னது யார்? அதிகாரி. பிறகு எழுந்து நின்றார்.

"சார், நீங்க சொன்னதத் திரும்பச் சொல்றேங்க. எல்லா மெஷினையும் படுக்கவைக்கணும், மறுபடி எழுப்பணும். சரிங்களா?"

"அதான் சொன்னேனே."

"சரின்னு சொல்லணும்ங்க."

"சரிய்யா."

"சரிய்யான்னு கமாண்டு இல்லைங்க. சரி மட்டும்."

அதிகாரி மேடத்தைப் பார்த்தார். மேடம் கூரையைப் பார்த்தார். "சரி" என்றார் அதிகாரி.

சைரன் ஊதியது. பிள்ளைகள் எழுதியதைச் சேமித்து வெளியே வந்து, ஒரே உடம்பாக எழுந்து சுவரோரம் போய் நின்றார்கள். அடுத்த கடையில் கத்தி உயர்ந்தது. அதிகாரி திடுக்கிட்டு, "என்ன, தீ விபத்தா?" என்று கேட்டார். பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். சைரனுக்குப் பிறகு ஆள் இறங்கியாச்சு என்ற சொல் வரும்வரை பேசுவது அந்த ஊரில் வழக்கமில்லை. மாமனார் படுத்தார். சின்ன மச்சான் படுத்தார். சகலை படுத்தார். கடைசியில் உத்தரவின் திரையில் ஒரு வரி மட்டும் நின்றது. 'பெரிய மச்சான் படுக்கவில்லை. ஆள் இருக்கிறார்.'

"சார், நீங்க எறங்கணும்ங்க."

"எங்கேர்ந்து இறங்கணும்?"

"பெல்ட்டுலேர்ந்து."

"நான் நாற்காலியில உக்காந்திருக்கேன்யா."

"நாற்காலி தெரியுதுங்க. உள்ளாற உங்க பேரு ஏறிகினு இருக்குது. நீங்க வெளிய வந்தாத்தான் அவரு படுப்பாரு."

"யாரு?"

"பெரிய மச்சான்."

அதிகாரியின் முகம் சிவந்தது. "என்னைக் கேக்காம நிறுத்திப் போடுங்க. நான் ஒண்ணும் எழுதல."

"அது மெஷினுக்குத் தெரியாதுங்களே."

மேடம் அவர் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, உங்க காலப் பிடிச்சிக் கேக்கேன். அந்த ஒண்ணை நீங்களே நிறுத்திருங்க."

"அதுக்கு உத்தரவு இல்லைம்மா."

"இல்லேன்னா எழுதுங்க. மத்த எல்லாம் நீங்கதான எழுதுனீங்க?"

"ஆள் மேல இருக்கறப்போ நிறுத்துறது ஒண்ண நான் எழுத மாட்டேம்மா."

அதிகாரி கையைக் கட்டிக்கொண்டார். எழுந்திருப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டது தெரிந்தது. உத்தரவும் உட்காரவில்லை. சுவரோரம் பிள்ளைகள் மூச்சு விடுவதைக்கூடக் குறைத்துக்கொண்டார்கள். மேடத்தின் வாழ்க்கை வேண்டாத ஒரு சண்டைக்கு நடுவில் நிற்கிறதே என்று எனக்கு உத்தரவின் மேல் ஆத்திரமாக வந்தது. பின்னறைக்குப் போய் மெஷினின் வயரையே பிடுங்கிவிடலாம் என்று திரும்பினேன்.

அப்போது வாசல் கண்ணாடிக் கதவு திறந்தது. பக்கத்துக் கடையில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்த ஒருவர் பாதி முகம் நுரையோடு தலையை நீட்டினார். ஓய்வு பெற்ற போர்மேன் போல இருந்தார்.

"யாருங்க அது இன்னும் எறங்காம இருக்கறது?" என்றார். "சீக்கிரம் எறங்குங்க சார். எனக்கு நுரை காஞ்சிகினு இருக்குது."

சுவரோரம் ஒரு சிரிப்புத் தொடங்கி, அடக்கப்பட்டு, மூக்கு வழியாக வெளியே வந்தது. அதிகாரி நுரைக்காரரைப் பார்த்தார், சுவரோரம் நின்ற வரிசையைப் பார்த்தார். ஹாலில் உட்கார்ந்திருக்கும் ஒரே மனிதர் தான்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பெயரை எடுத்துவிட்டு எழுந்தார். எழுந்தவர் எங்கே நிற்பது என்று தெரியாமல், தானும் போய்ப் பிள்ளைகள் பக்கத்தில் சுவரோரம் நின்றார்.

"ஆள் எறங்கியாச்சு" என்றார் உத்தரவு. பெரிய மச்சான் படுத்தார். பிறகு கடைசியிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு பழுதும் இல்லை.

அதிகாரி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே மேடத்திடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. இடம் சரி, மின்சாரம் சரி, மெஷினும் நன்றாக ஓடுகிறது. ஆனால் இந்தச் சைரன், இந்தக் கேள்வி பதில், இந்த மச்சான் எதுவும் இருக்கக் கூடாது. சாதாரணமாக எல்லா ஊரிலும் இருக்கும் பொத்தான் பக்கம் வேண்டும். நாளைக் காலை வந்து பார்ப்பார். இருந்தால் மையம் இவர்களுக்கு.

அவர் போன பிறகு மேடம் அந்த இடத்திலேயே நின்றார். கடை நிற்கப் போகிறது. அதற்கு உத்தரவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சும்மா வந்த மனிதர், ஒரு வருஷமாகச் சும்மாவே வந்த மனிதர்.

உத்தரவே பக்கத்தில் வந்தார். "திரும்பச் சொல்றேம்மா. சைரன எடுக்கணும். கமாண்டு பூராவும் எடுக்கணும். பொத்தான வைக்கணும். சரிங்களா?"

மேடம் முந்தானை முனையைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சரின்னு சொல்லணும்மா."

"சரி அண்ணாச்சி."

அன்று சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு, பெல்ட் பலகையை ஈரத் துணியால் துடைத்தார். பிறகு மெஷின் முன் உட்கார்ந்தார். தன் கட்டளைகள் எல்லாவற்றையும் நீக்குவதற்கு ஒரு கட்டளை இல்லை. அதையும் அவர்தான் எழுத வேண்டும்.

"அழின்னு வெச்சிடுங்க சார், சுருக்கமா இருக்கும்" என்றேன்.

"அழின்னு சொல்லிட்டு யாராச்சும் வூட்டுக்குப் போவாங்களா?" என்றவர் கொஞ்ச நேரம் யோசித்து, 'ஷிப்ட் முடிந்தது' என்று தட்டினார். மெஷின் கேட்டது, சொன்னது யார்? அதிகாரி என்று போடுவார், அல்லது மேடம் என்று போடுவார் என்று நினைத்தேன். 'உத்தரவு' என்று போட்டார். ஊர் தன்னை அப்படி அழைப்பது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. சர்வீஸ் முழுக்க அடுத்தவர் உத்தரவைத் திரும்பச் சொன்னவர் தன் பேரில் போட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சைரன் ஊதியது.

"தம்பி, ஆள் இல்லைன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

ஹாலில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். கதவு சாத்தியிருந்தது. இருந்தாலும் போனேன். ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். பின்னறையில் என் சாக்கைக்கூட உதறிப் பார்த்தேன். திரும்பி வந்து, "ஆள் எறங்கியாச்சு சார்" என்றேன்.

"ஆள் எறங்கியாச்சு" என்று திரும்பச் சொன்னார். தட்டினார். பச்சையும் சிவப்புமாகப் பொத்தான் பக்கம் வந்து நின்றது, எதுவும் நடக்காதது போல.

சைரனைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் ஏறினார். மகள் வீடு அங்கே இருந்தது. பிறகு அவர் சென்டருக்கு வரவில்லை. மையம் கிடைத்தது, மேடம் ஊருக்குப் போகவில்லை. பின்னறையில் ஆள் படுக்கக் கூடாது என்று அடுத்து ஒரு விதி வந்தது. நான் சாக்கை மடித்துக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது ஓசூரில் ஒரு குடோனில் படுக்கிறேன். விடிந்ததும் ஷட்டரை ஒரே தூக்காகத் தூக்குவார்கள், வெளிச்சம் முகத்தில் அறையும். அதற்கு முன் ஒரு பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் ஊற்றி எழுப்பினார்கள், இன்னோர் இடத்தில் காலால். எழுப்புகிறவர்கள் எல்லாரும் புத்திசாலிகள். யாரும் நேரத்தை வீணாக்குவதில்லை. ஒரு முட்டாளாவது வாசலில் நின்று முதலில் ஊதிவிட்டு, ஆள் இறங்கியாச்சா என்று கேட்டால் என்ன என்று இருக்கிறது.